பட் ஏன் தவறுகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலையகத்துக் கோல்ஃப் மைதானங்களில் ஒரு பட் (குழியை நோக்கிப் பந்தைப் புல்லில் உருட்டும் அடி) தவறினால் முதல் பழி மலைக்குத்தான். "சரிவு ஏமாத்திருச்சு சேர்" என்று கெடி (ஆடுபவரின் பையைச் சுமந்து யோசனை சொல்லும் உதவியாளர்) சொல்வார், ஆடியவரும் தலையாட்டுவார், இருவரும் அடுத்த குழியின் தொடக்க இடத்துக்கு நடந்துவிடுவார்கள். நுவரெலியாவிலும் திகனவில் உள்ள விக்டோரியா மைதானத்திலும் சரிவு கண்ணை ஏமாற்றுவது உண்மைதான். ஆனால் பட் தவறுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: பந்து நினைத்த திசையில் புறப்படவில்லை, நினைத்த வேகத்தில் போகவில்லை, அல்லது நினைத்த கோடே பிழை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பட்டரின் (பட் அடிக்கும் மட்டையின்) முகம் கோணலாக வந்துகொண்டிருக்கும்போது சரிவைப் படிக்க எவ்வளவு பழகியும் பலன் வராது.

அதனால் சோதனையின் ஒழுங்கை மாற்றக்கூடாது. முதலில் திசை, அடுத்து வேகம், கடைசியில்தான் சரிவு. திசை நம்பத்தக்கதாக இல்லாதவரை, சரிவைச் சரியாகப் படித்தோமா இல்லையா என்பதே தெரியவராது. கீழே உள்ளவை வலக்கை ஆட்டக்காரருக்கு எழுதியவை. இடக்கைக்காரர் வலம் இடத்தை மாற்றிக்கொள்ளவும்.

எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

தேவை: இரண்டு டீ (பந்தை ஏற்றிவைக்கும் சிறு முளை), ஓர் அளவுகோல், மூன்று பந்து.

1. பயிற்சி கிரீனில் (குழி உள்ள, குட்டையாக வெட்டிய புல்தரையில்) மட்டமான இடம் ஒன்றைத் தேடுங்கள். ஒரே கோட்டில் ஒன்றரை மீற்றர் தூரத்துக்குப் பந்தை மெதுவாக உருட்டி, மறுமுனையிலிருந்து திருப்பி உருட்டுங்கள். இரண்டு தடவையும் வளையாமல் போனால் அந்த இடம் போதும்.
2. பந்தை வைக்கும் இடத்திலிருந்து 50 செ.மீ. முன்னால் இரண்டு டீக்களைக் குத்துங்கள். இதுதான் வாசல். உட்பக்க இடைவெளி 5.3 செ.மீ. பந்தின் விட்டம் 4.27 செ.மீ. என்பதால் இரு பக்கமும் அரை செ.மீ. அளவுதான் மிஞ்சும்.
3. பத்துப் பந்து அடியுங்கள். எந்த டீயில் இடிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. 50 செ.மீ. தூரத்தில் அரை செ.மீ. விலகல் என்பது அரைப் பாகைக்குச் சற்று மேலான பிழை. அதே பந்து 3 மீற்றரில் 3 செ.மீ. விலகியிருக்கும். குழியின் விட்டம் 10.8 செ.மீ., பாதி 5.4. ஆகவே வாசலுக்குள் சுத்தமாகப் போகும் பந்து, சமதரையில் 3 மீற்றர் பட்டைக் குழிக்குள் கொண்டுபோய்விடும். ஒரு முழுப் பாகை பிழைத்தால் 3 மீற்றரில் 5.2 செ.மீ. விலகல், பந்தின் நடு குழியின் விளிம்பில் போகும், மெதுவாக வந்தால் மட்டும் விழும். 1 மீற்றரிலோ 3 பாகை வரை குழி பொறுத்துக்கொள்ளும். சமதரையில் 1 மீற்றர் பட்டைத் திரும்பத் திரும்பத் தவறவிடுபவருக்கு முகத்தில் பெரிய கோணல் இருக்கிறது என்றே அர்த்தம். அங்கே மலையைக் குறை சொல்ல இடமில்லை.

பத்தில் எட்டுப் பந்தாவது இடிக்காமல் போனால் நேரே தூரத்தைப் பற்றிய பகுதிக்குப் போகலாம்.

அறிகுறி: பெரும்பாலும் வலது டீயில் இடிக்கிறது

பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் பட்டரின் முகம் பார்க்கும் திசை. பட்டர் வீசிவரும் பாதையின் பங்கு சிறியது. எனவே "உள்ளே இழுத்து அடிக்கிறேனா, வெளியே தள்ளுகிறேனா" என்று பாதையை நோண்டுவதற்கு முன் முகத்தைப் பாருங்கள்.

முதலில் பந்தின் இடம். இரு பாதங்களுக்கும் நடுவிலோ அதற்குப் பின்னாலோ பந்து இருந்தால், முகம் நேராகத் திரும்பி முடியுமுன்பே பந்தைத் தொட்டுவிடும். நடுவிலிருந்து ஒரு பந்தளவு முதல் இரண்டு பந்தளவு வரை இடப்பாதத்தின் பக்கம் நகர்த்துங்கள். வேறெதையும் மாற்றாமல் மறுபடி பத்துப் பந்து. பாதிப் பேருக்காவது இது ஒன்றே போதும் என்பது எமது அபிப்பிராயம்.

போதாவிட்டால் குறி. பந்தைச் சுற்றி மார்க்கர் பேனையால் நேர்கோடு ஒன்று வரைந்து, அந்தக் கோடு வாசலின் நடுவைப் பார்க்கும்படி வையுங்கள். பட்டரைப் பின்னால் வைத்து நின்றுகொண்டு, பட்டர்த் தலையின் மேல்கோடும் பந்தின் கோடும் ஒரே கோடாகத் தெரிகிறதா என்று பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நின்றவர் கண்ணுக்கு நேராகத் தெரிவதும் பின்னால் நிற்பவர் சொல்வதும் அடிக்கடி ஒத்துப்போகாது. அப்படியென்றால் கண்ணின் நிலையைச் சோதியுங்கள்: நின்ற நிலையில் இரு கண்களுக்கும் இடையே மூக்குத்தண்டிலிருந்து இன்னொரு பந்தை நழுவ விடுங்கள். அது கீழே உள்ள பந்தின் மீதோ, அதற்குச் சற்று உட்பக்கமாக உங்கள் காலை நோக்கியோ விழ வேண்டும். வெளிப்பக்கம் விழுந்தால் குனிவைக் குறையுங்கள். எந்த இடத்தில் விழுகிறது என்பதைவிட, ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் விழுவது முக்கியம்.

கடைசியாகப் பிடி. குளிர்காலைகளில் விரல் விறைத்து, பட்டரை இறுக்கிப் பிடிப்பது தெரியாமலே நடக்கும். இறுகிய பிடியில் முகம் வலப்பக்கம் திறந்தபடியே நின்றுவிடும். கையைச் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகு அடியுங்கள்.

அறிகுறி: பெரும்பாலும் இடது டீயில் இடிக்கிறது

பந்து மிகவும் முன்னால் இருக்கலாம், தோள்கள் இடப்பக்கம் திறந்திருக்கலாம், வலக்கை தள்ளலாம். தோளைப் பார்க்க ஒரு கம்பை இரு முன்கைகளின் மீதும் படுக்கவைத்துப் பிடியுங்கள். அது குறிக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். வலக்கைக் குற்றத்துக்கு இடக்கையால் மட்டும் 1 மீற்றர் பட் இருபது அடித்து, பிறகு வலக்கையை மெதுவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சிலது வலம், சிலது இடம், ஒழுங்கே இல்லை

இது பெரும்பாலும் பட்டரின் நடுவில் படாத பந்து. முதலில் அந்த நடு எங்கே என்று தேட வேண்டும். பட்டரின் பிடியை இரண்டு விரல்களால் லேசாகத் தொங்கவிட்டு, முகத்தில் பந்தால் மெல்லத் தட்டுங்கள். முனைப்பக்கம் (தண்டுக்கு எட்ட உள்ள பக்கம்) தட்டினால் தலை ஒரு பக்கம் திரும்பும், குதிப்பக்கம் (தண்டுக்குக் கிட்ட உள்ள பக்கம்) தட்டினால் மறுபக்கம். திரும்பாமல் தலை நேராகப் பின்னுக்கு அசையும் இடம் ஒன்று இருக்கும். விரலிலும் அங்கே அதிர்வு குறைவாகத் தெரியும். அதுதான் நடு. தலையின் மேல் வரைந்திருக்கும் கோடு சரியாக அந்த இடத்துக்கு மேலேதான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அந்த இடத்தின் இரு பக்கமும் முகத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் ஒவ்வொன்று போடுங்கள், இடைவெளி இரண்டரை செ.மீ. நடுவில் பட்ட பந்து வழக்கம்போல் ஓடும். பேண்டில் பட்ட பந்து சத்தமில்லாமல் செத்துப்போய்ப் பாதியில் நிற்கும், அல்லது ஓரமாகப் பாயும். கையில் உடனே தெரிந்துவிடும், யாரும் சொல்லத் தேவையில்லை.

பேண்டில் படுவதற்கு முதன்மைக் காரணம் தலை முன்கூட்டி எழுவது. 2 மீற்றருக்கு உட்பட்ட பட்டில் பந்து விழும் ஓசை காதில் கேட்கும்வரை பார்வை பழைய இடத்திலேயே இருக்கட்டும். இடத்தை மறக்காதிருக்கப் பந்துக்கு அடியில் ஒரு நாணயத்தை வையுங்கள். பந்து போனதும் நாணயத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் பழக விரும்புவோர் சீமெந்துத் தரையில் மேசன் பாஸ்மார் செய்வதுபோல் சுண்ணத்தூள் தடவிய நூலால் 2 மீற்றர் கோடு அடித்துக்கொள்ளலாம். சீமெந்தில் பந்து கிரீனைவிட அதிகம் ஓடுவதால் வேகத்தை அங்கே பழக முடியாது. திசைக்கு அது தாராளம். இன்னும் கடினமாக வேண்டுமென்றால் இரும்புக் கடைகளில் கிடைக்கும் 1 மீற்றர் உருக்கு அளவுகோலைத் தரையில் வைத்து, பந்து அதன் மேலிருந்து விழாமல் முழு நீளமும் ஓடும்படி அடியுங்கள்.

அறிகுறி: பந்து புறப்படும்போதே துள்ளுகிறது

எந்தப் பட்டும் முதலில் சிறிது வழுக்கி, பிறகுதான் உருளும். துள்ளல் வேறு. பட்டருக்கு வழக்கமாக 3 முதல் 4 பாகை வரை முகச்சாய்வு இருக்கும். புல்லில் அமர்ந்த பந்தை மெல்லத் தூக்கி உருட்டுவதற்கு அது போதும். மணிக்கட்டை உதறினால் சாய்வு கூடிப் பந்து எழும்பி விழும். கையைப் பந்துக்கு மிக முன்னால் தள்ளினால் சாய்வு குறைந்து, பந்து புல்லுக்குள் அமுங்கித் தெறிக்கும். இரண்டும் பார்வைக்கு ஒரே துள்ளல்.

எது என்று அறிய, பந்தின் மட்டத்தில் போனைத் தரையில் சாய்த்துவைத்து மெதுவேக வீடியோ எடுங்கள். தொடும் கணத்தில் பட்டரின் தண்டு முன்பக்கம் சற்றே சாய்ந்தோ செங்குத்தாகவோ இருந்தால் நல்லது. பின்பக்கம் சாய்ந்திருந்தால் உதறுகிறீர்கள். முன்பக்கம் மிக அதிகமாகச் சாய்ந்திருந்தால் கையைப் பின்னுக்கு எடுங்கள்.

அறிகுறி: திசை சரி, தூரம்தான் பிழை

9 மீற்றர் பட் 2 மீற்றர் குறைவாக நின்றுவிடுகிறது, அடுத்தது 2 மீற்றர் கடந்துவிடுகிறது, மூன்று பட்டில் முடிகிறது. முதலில் மேலே சொன்ன ரப்பர் பேண்டை மறுபடி போட்டுப் பாருங்கள். நடுவில் படாத பந்து, அதே வீச்சுக்கும் குறைவாகவே ஓடும். பேண்டில் படவில்லை என்றால் குற்றம் தாளத்தில்.

தாளம் மாறாமல் வீச்சின் நீளம் மட்டும் மாற வேண்டும். பட்டர் பின்னே போக எடுக்கும் நேரம், முன்னே வந்து பந்தைத் தொட எடுக்கும் நேரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. "ஒன்று, இரண்டு" எனப் பின்னே எண்ணி, "மூன்று" எனும்போது தொடுங்கள். 3 மீற்றருக்கும் 12 மீற்றருக்கும் எண்ணும் வேகம் ஒன்றே. குறைவாக நிற்பவர்களில் பலர் பட்டரை நிறையப் பின்னே கொண்டுபோய், பயந்து முன்னே வரும்போது தடுத்துவிடுகிறார்கள்.

பயிற்சி: 3, 6, 9, 12 மீற்றரில் டீக்கள். காலடி ஒன்று ஏறத்தாழ 75 செ.மீ. என்றால் நான்கு அடிக்கு 3 மீற்றர். உங்கள் காலடியை ஒரு தடவை அளவு நாடாவால் சரிபாருங்கள். குழிக்குப் பின்னால் 45 செ.மீ. தூரத்தில் ஒரு டீ. பந்து விழ வேண்டும், இல்லாவிட்டால் குழிக்கும் அந்த டீக்கும் இடையில் நிற்க வேண்டும். 3, 12, 6, 9 என்று தூரத்தை மாற்றி மாற்றி அடியுங்கள். ஒரே இடத்திலிருந்து பத்துப் பந்து அடித்தால் கை இரண்டாவது பந்திலேயே கற்றுக்கொண்டுவிடும், மிச்சம் எட்டும் வீண்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,850 மீற்றருக்கு மேல் இருப்பதால் மெல்லிய காற்றில் நீண்ட அடிகள் கொழும்பைவிடத் தூரம் பறக்கும். உருளும் பந்துக்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை. தூரம் மாறுவதற்குக் காரணம் கீழே வரும் ஈரம்.

அறிகுறி: காலையில் குறைகிறது, மதியத்தில் கடந்துவிடுகிறது

இது உங்கள் பிழையாகவே இல்லாமலிருக்கலாம். பனி நனைத்த புல்லில் பந்து சீக்கிரம் நிற்கும். வெயில் ஏறி ஈரம் போனதும் அதே கிரீன் வேகமெடுக்கும். பின்னேர மழை வந்தால் மறுபடி குறையும். ஒரே சுற்று ஆட்டத்துக்குள் மூன்று வேகம் பார்க்க நேரும்.

கிரீனின் வேகத்தை அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935இல் உருவாக்கிய ஸ்டிம்ப்மீற்றர் இருக்கிறது. 36 அங்குல நீளப் பள்ளச்சட்டம். ஒரு முனையை ஏறத்தாழ 20 பாகை தூக்கியதும் காடியிலிருந்து பந்து தானாக உருண்டு இறங்கும். எதிரெதிர்த் திசைகளில் உருட்டி, ஓடிய தூரத்தின் சராசரியை அடிக்கணக்கில் சொல்வார்கள். பயிற்சிக்கு அந்தக் கருவியே வேண்டுமென்றில்லை. பி.வி.சி. குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து, ஒரு முனையை எப்போதும் அதே கட்டையின் மேல் வைத்து, அதே குறியிலிருந்து பந்தை விடுங்கள். காலை 7 மணிக்கு எத்தனை காலடி, 11 மணிக்கு எத்தனை என்று பார்த்தால் அன்றைய வேறுபாடு கையில் வந்துவிடும். சுற்றைத் தொடங்குமுன் பயிற்சி கிரீனில் மட்டும் இதைச் செய்யுங்கள். சுற்றின்போது பந்தை உருட்டியோ புல்லைத் தேய்த்தோ ஆடும் குழியின் கிரீனைச் சோதிப்பதற்கு விதியில் இடமில்லை.

பனிக்காலைக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. ஈரப் புல்லில் உருளும் பந்து கருங்கோடு ஒன்றை விட்டுச்செல்லும். எங்கே புறப்பட்டது, எந்த இடத்தில் வளையத் தொடங்கியது, குழியின் எந்தப் பக்கத்தைக் கடந்தது எல்லாம் அதில் இருக்கும். தொடக்கத்தில் கோடு விட்டுவிட்டு இருந்தால் பந்து துள்ளியிருக்கிறது. வெயில் வருமுன் பத்துப் பந்து அடித்து அந்தக் கோடுகளை நின்று பாருங்கள்; எந்த வீடியோவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. தை, மாசியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தால் மட்டும் கிரீனில் கால் வைக்கவே வேண்டாம். உறைந்த புல் மிதிபட்டால் கருகிவிடும்.

அறிகுறி: திசையும் வேகமும் சரி, ஆனால் எப்போதும் குழிக்குக் கீழ்ப்பக்கமே போகிறது

இப்போதுதான் மலையின் முறை.

நுவரெலியாவில் நிற்பவருக்கு அடிவானம் கிடையாது. ஒரு பக்கம் பிதுருதலாகல மலை, மற்றப் பக்கங்களில் மரமும் மேடும். மட்டம் எது என்று காட்டும் கோடு இல்லாததால், சுற்றியுள்ள நிலத்தையே கண் மட்டமாக எடுத்துக்கொள்ளும். நிலம் முழுவதும் 5 பாகை இடப்பக்கம் இறங்க, அதில் வெட்டிய கிரீன் 1 பாகை மட்டும் இடப்பக்கம் இறங்கினால், அது வலப்பக்கம் இறங்குவதாகவே தெரியும். பந்து இடப்பக்கம் போகும்போது மேட்டில் ஏறுவதுபோல் இருக்கும்.

இதற்கு நாலு காரியம்.

கிரீனுக்கு 30 மீற்றர் முன்பிருந்தே முழு நிலமும் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். கிரீனில் ஏறிய பிறகு அது தெரியாது.

தண்ணீரை யோசியுங்கள். இந்தக் கிரீனில் இப்போது மழை கொட்டினால் எந்த ஓரத்தால் வடியும்? தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் பார்வை ஏற்கெனவே உண்டு. மலையகத்துக் கெடிமார் பலர் சரிவைச் சட்டென்று சொல்வதில் வியப்பில்லை.

கோட்டின் நடுவில் இரு பக்கமும் காலை வைத்து நின்று, எந்தப் பாதத்தில் பாரம் கூடுகிறது என்று உணருங்கள். பழக, பயிற்சி கிரீனில் முதலில் காலால் ஊகித்து, பிறகு ரசமட்டத்தை வைத்துச் சரிபாருங்கள். ஆட்டத்தின்போது மட்டக்கருவி விதிக்குப் புறம்பு. ஆகவே பாதத்தைத்தான் பழக்க வேண்டும்.

குழிக்கு முந்திய கடைசி 1 மீற்றரை அதிகம் பாருங்கள். வேகம் குறையக் குறையத்தான் சரிவு பந்தை இழுக்கும். அதனால்தான் இறக்கத்தில் மெதுவாக அடித்த பட் அதிகம் வளைகிறது, ஏற்றத்தில் பலமாக அடித்த பட் குறைவாக வளைகிறது.

பயிற்சி இப்படி: சரிவில் உள்ள குழியைச் சுற்றி 1.5 மீற்றர் ஆரத்தில் எட்டு டீ. எட்டு இடத்திலிருந்தும் அடியுங்கள். வளையாமல் நேரே ஏறும் இடம் ஒன்றும், அதற்கு நேரெதிரே நேரே இறங்கும் இடம் ஒன்றும் கிடைக்கும். இரண்டையும் இணைப்பதுதான் அந்தக் குழியின் இறக்கக்கோடு. மற்ற எல்லாப் பட்டும் இந்தக் கோட்டின் தாழ்ந்த பக்கம் நோக்கியே வளையும். அடுத்து, கோட்டுக்குக் குறுக்கே உள்ள இரு இடங்களிலிருந்து பந்து விழ எங்கே குறிவைக்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். சரிவு ஒரே சீராக இருந்தால் இரண்டு குறிகளும் குழிக்கு மேலே, இறக்கக்கோட்டின் மீது, ஏறத்தாழ ஒரே புள்ளியில் வந்து நிற்கும். அங்கே ஒரு டீயைக் குத்தி, மற்ற இடங்களிலிருந்தும் அதையே குறியுங்கள். ஒரு குழிக்கு ஒரு புள்ளி என்று பழகினால் மைதானத்தில் படிக்கும் நேரம் பாதியாகக் குறையும்.

கெடி "ரெண்டு கப் இடது" (ஒரு கப் என்பது ஒரு குழியின் அகலம்) என்றால், குழியின் நடுவிலிருந்தா விளிம்பிலிருந்தா என்று முதல் கிரீனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வித்தியாசம் 5.4 செ.மீ., பட்டைத் தவறவிட அது போதும். என்ன வேகத்துக்கு அவர் சொல்கிறார் என்பதும் தெரிய வேண்டும்: குழிக்குள் செத்து விழும் பந்துக்குச் சொன்ன இரண்டு கப், பின்சுவரில் மோத அடிப்பவருக்கு ஒரு கப்பாகிவிடும். அவர் கோட்டைக் காட்டலாம், ஆனால் குறியாக எதையும் கிரீனில் வைக்கக்கூடாது. நீங்கள் அடிக்க நிற்கத் தொடங்கியதும் பந்துக்குப் பின்னால் கோட்டில் நிற்கவும் கூடாது.

அறிகுறி: குறும்பட்டில் கை உதறுகிறது

வலக்கை மேலும் இடக்கை கீழுமாக மாற்றிப் பிடித்துப் பாருங்கள், அல்லது பந்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்தே அடியுங்கள். நீண்ட பட்டர் வைத்துக்கொள்ளத் தடையில்லை. 2016 முதல் அதை உடம்பில் ஊன்றி வீசுவதற்குத்தான் தடை.

அறிகுறி: பயிற்சியில் விழுகிறது, ஆட்டத்தில் விழுவதில்லை

பயிற்சியில் மூன்று பந்து, ஆட்டத்தில் ஒன்று. அரை மணி நேரம் இருந்தால் பத்து நிமிடம் வாசல், பத்து நிமிடம் தூரம், கடைசிப் பத்து நிமிடம் ஒரே ஒரு பந்து. ஒவ்வொரு தடவையும் புதிய இடம், சரிவைப் படித்து, ஒரு தடவை மட்டும் அடித்து, விழும்வரை முடித்துவிட்டு அடுத்த குழி. ஒன்பது குழிக்கு எத்தனை பட் என்று எழுதுங்கள். எண்ணிக்கை எழுதப்படும்போதுதான் கை ஆட்டத்தில் இறுகுவதுபோல் இறுகும். பழக வேண்டியது அந்தக் கையைத்தான்.

எந்த அறிகுறியும் ஒத்துவரவில்லை என்றால்

பட்டரையே பாருங்கள். தலையைப் பிடித்துப் பிடியைத் திருகினால் சிறிதும் அசையக்கூடாது. அசைந்தால் பசை விட்டிருக்கிறது. பிடியின் தட்டையான முன்பக்கம் முகத்துக்கு நேராக இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். மாற்றிப் போட்ட பிடிகளில் இது அடிக்கடி பிசகும், ஆடுபவர் மாதக்கணக்கில் தன் கையையே திட்டிக்கொண்டிருப்பார். மழையில் ஊறி வழுக்கும் பிடியைச் சவர்க்கார நீரில் கழுவி நிழலில் காயவைத்தால் போதும், வெடித்திருந்தால் மாற்றுங்கள். நிற்கும்போது தலையின் முனைப்பக்கம் தரையிலிருந்து எழும்பியிருந்தால் பட்டர் உங்களுக்கு நீளம் அதிகம். புதிது வாங்குமுன் ஒரு அங்குலம் கீழே பிடித்து, வாசலில் இன்னொரு பத்துப் பந்து அடித்துப் பாருங்கள்.